குவாந்தான் கடலுக்கு வராத கப்பல்

மாணவர்களே, டெங்கில் வட்டாரத்தில் வாழும் நமக்கு விமானம் ஓர் அதிசயம் அல்ல. பக்கத்திலேயே கே.எல்.ஐ.ஏ. இருக்கிறது. அங்குள்ள ஓடுபாதை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பலான ‘இன்டோமிட்டபிள்’ சுமார் 230 மீட்டர்தான். அதன் மேல்தளத்தில் விமானங்கள் ஏறின, இறங்கின.

இந்தக் கப்பல்களைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். எந்த நாட்டுக் கப்பல் பெரியது? எது எத்தனை விமானங்களைச் சுமக்கும்? இரண்டுமே எண்ணிக்கைக் கேள்விகள். அறிவியல் படிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும் என்பது என் கருத்து. போர்க்காலத்தில் அந்தக் கப்பல் உண்மையில் என்ன வேலை செய்கிறது? அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் குவாந்தான் கடலிலேயே பதில் கிடக்கிறது.

1941 டிசம்பர் 10

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் தரையிறங்கியது. அன்று மாலையே ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நான்கு சிறிய நாசகாரிக் கப்பல்களுடன் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. தலைவர் அட்மிரல் டாம் பிலிப்ஸ். குவாந்தானிலும் எதிரி இறங்குகிறான் என்று வந்த தவறான தகவலை நம்பி அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

டிசம்பர் 10-ஆம் தேதி காலை 11 மணிக்குப் பிறகு ஜப்பானிய விமானங்கள் வந்தன. குண்டுகளையும் டார்பிடோக்களையும் வீசின. 12.33-க்கு ரிபல்ஸ் மூழ்கியது. ஒரு மணி நேரம் கழிவதற்குள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் மூழ்கியது. 840 பேர் இறந்தனர். திறந்த கடலில், எதிர்த்துச் சுட்டுக்கொண்டிருந்த பெரிய போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது உலகில் அதுவே முதல் முறை.

இன்டோமிட்டபிள் இந்த அணியுடன் சேர வேண்டிய கப்பல் என்று பெரும்பாலான நூல்கள் கூறுகின்றன. ஆனால் 1941 நவம்பர் 3-ஆம் தேதி ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் அருகே அது தரைதட்டி நின்றுவிட்டது. ‘அது மட்டும் வந்திருந்தால்!’ என்ற பேச்சு அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை.

35 கிலோமீட்டரும் 800 கிலோமீட்டரும்

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பெரிய பீரங்கிகள் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வரை சுடும். அதைத் தாக்கிய விமானங்களோ சைகோன் வட்டாரத்துத் தளங்களிலிருந்து, 800 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்தவை. கவனியுங்கள்: தாக்கிய பக்கத்திலும் அன்று விமானம் தாங்கிக் கப்பல் கிடையாது. அவை தரையிலிருந்து எழுந்தவை.

அடுத்து, பார்வை. பூமி உருண்டை என்பதால் நம் பார்வை ஓரிடத்தில் கடலோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தூரத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். மோரிப் கடற்கரையில் நிற்கும் உங்கள் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் 4.5 கிலோமீட்டரில் இருக்கிறது. கப்பலின் கொடிமரத்தில் 30 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 3000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானிக்கு, வானம் தெளிவாக இருந்தால், 195 கிலோமீட்டர். உயரம் நூறு மடங்கானால் பார்வைத் தூரம் பத்து மடங்காகிறது.

போர்க்காலத்தில் விமானம் தாங்கிக் கப்பலின் முதல் வேலை இதுதான்: கடற்படையின் கண்ணை மேலே தூக்கி வைப்பது. எதிரி விமானத்தைத் தடுப்பது, எதிரிக் கப்பலைத் தாக்குவது, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. கரையில் விமானத் தளம் இல்லாத இடத்திலும் இவற்றைச் செய்ய முடிகிறது என்பதே அதன் சிறப்பு.

குட்டையான தளத்திலிருந்து விமானம் எப்படி எழுகிறது? ஒரு விமானம் எழும்ப அதன் இறக்கையைக் கடந்து மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை எதிர்த்துக் கப்பல் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், நிற்கும்போதே விமானத்துக்கு 80 கிடைத்துவிடுகிறது. மீதி 50 போதும். முடுக்கம் மாறாவிட்டால் ஓட வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தேவைப்படும் தளம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இறங்கும்போது தளத்தின் குறுக்கே கட்டிய கம்பி வடம் விமானத்தின் கொக்கியைப் பிடித்து இழுக்கும். படிவம் 4 இயற்பியலில் ‘இம்பல்ஸ்’ என்று நீங்கள் படிப்பது இதுதான். வடம் சற்று நீண்டு கொடுப்பதால் நிற்கும் நேரம் கூடுகிறது, விசை குறைகிறது.

ஒரே காரணம் போதுமா?

இவ்வளவும் படித்த பிறகு, ‘அப்படியானால் இன்டோமிட்டபிள் வந்திருந்தால் இரண்டு கப்பல்களும் தப்பியிருக்கும்’ என்று முடிவு செய்யத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டுமானால் மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும். அன்று குவாந்தான் கடலில் மாறிகள் பல இருந்தன.

சிங்கப்பூரின் செம்பாவாங் தளத்தில் ‘பஃபலோ’ போர் விமானங்கள் தயாராக இருந்தன. தன் இருப்பிடம் தெரியக்கூடாது என்று பிலிப்ஸ் வானொலியைப் பயன்படுத்தாமல் இருந்தார். முதல் குண்டு விழுந்து ஏறத்தாழ 45 நிமிடம் கழித்து, 11.58-க்குத்தான் ரிபல்ஸிலிருந்து தகவல் போனது. விமானங்கள் வந்து சேர்ந்தபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டின் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் அதன் ரேடார்களில் கோளாறு ஏற்பட்டிருந்தது. ஒரு டார்பிடோ உந்துசுழலியின் தண்டு அருகே தாக்கியதும், வளைந்த தண்டு சுழன்று சுழன்று உட்சுவர்களைக் கிழித்தது. நீர் புகுந்தது, மின்சாரம் நின்றது. மின்சாரம் இல்லாமல் பீரங்கிகளைத் திருப்ப முடியவில்லை.

‘காரணம் ஒன்றுதான்’ என்ற முடிவைச் சோதிக்க இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் உதவும். அன்று ரிபல்ஸில் தப்பியவர்களைக் கடலிலிருந்து தூக்கிய கப்பல்களில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் ‘வேம்பயர்’. நான்கே மாதத்தில், 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி, இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகே அதே வேம்பயர் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்குத் துணையாகச் சென்றது. ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. ஹெர்மிஸில் 307 பேர் மாண்டனர். அன்று அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. அவை கரையில் விடப்பட்டிருந்தன. விமானம் இல்லாத விமானம் தாங்கிக் கப்பல் வெறும் தட்டையான இலக்கு.

மற்றது 1971, வங்காள விரிகுடா. இந்தியாவின் ‘விக்ராந்த்’ அப்போது நோயாளிக் கப்பல். நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். கப்பலின் வேகம் குறைந்தால் விமானம் எழுவது எவ்வளவு கடினம் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும். இருந்தும் டிசம்பர் 4-ஆம் தேதி அதன் ‘சீ ஹாக்’ விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழி அடைபட்டது. அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினம் அருகே மூழ்கியபோது, விக்ராந்த் அந்தமான் பக்கம் பத்திரமாக இருந்தது. அதை எதிர்க்கப் போதிய விமான பலம் எதிரிக்கு அங்கே இல்லை. பழுதான கப்பல் வென்றதற்கு இடம், நேரம், மறைப்பு எல்லாமே காரணம்.

குவாந்தானில் கப்பல் இல்லை, தோல்வி. மட்டக்களப்பில் கப்பல் இருந்தது, தோல்வி. வங்காள விரிகுடாவில் குறையுள்ள கப்பல், வெற்றி. ஆகவே ‘கப்பல் இருந்ததா, இல்லையா’ என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவைச் சொல்ல முடியாது. பார்க்கும் கண், தகவல் போகும் வேகம், பறக்கத் தயாரான விமானம், அதை நம்பி முடிவெடுக்கும் தலைமை ஆகிய நான்கும் சேர்ந்த சங்கிலியே பலம். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் எஞ்சுவது ஒரு பெரிய இரும்புப் பெட்டிதான்.

நமக்கும் இதற்கும் என்ன?

நிறையவே இருக்கிறது. அந்த இரு கப்பல்கள் போன பிறகு மலாயாவின் கிழக்குக் கடல் ஜப்பானியர் கைக்குப் போனது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. பிறகு ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஒரு விமானம் தாங்கிக் கப்பல் வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் தாத்தா பாட்டிகளின் கதை நடந்த கடலை, வேறு யாரோ ஒருவரின் வரலாறாக நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

அந்தக் கப்பல்கள் இன்றும் குவாந்தானுக்கு அப்பால் கடலடியில் கிடக்கின்றன. அவை போர் வீரர்களின் கல்லறை. அவற்றின் இரும்பையும் திருடுகிறார்கள் என்ற புகார் உண்டு. 2023 மே மாத இறுதியில் நம் கடல்சார் அமலாக்க நிறுவனம் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றை ஜொகூர் கடலில் தடுத்து வைத்தபோது, அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன.

அடுத்த முறை விமானம் தாங்கிக் கப்பல் பற்றிய காணொளி பார்க்கும்போது, அதன் நீளத்தையும் எடையையும் மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். அது எவ்வளவு தூரம் பார்க்கிறது, அதன் தகவல் யாருக்கு எத்தனை நிமிடத்தில் போகிறது, அதைக் காப்பது யார் என்று கேளுங்கள். ‘இதுதான் ஒரே காரணம்’ என்று யாராவது சொன்னால், அந்த முடிவு பொருந்தாத ஓர் உதாரணமாவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தேர்வுத் தாளில் மதிப்பெண் கிடைக்கிறதோ இல்லையோ, அறிவியல் உங்களிடம் எதிர்பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.