பிடி அரிசி போன வழி

1876-ல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேச்சில் நிற்கும் அந்தப் பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, செம்மணல் தேரியும் பனங்காடுமாகக் கிடக்கும் ஊர்களில், கருப்பட்டியை விற்று அரிசி வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் அரிசியைக் கண்ணால் காணாமல் தவித்தன. இங்கிலாந்திலிருந்து நிவாரணப் பணம் வந்தது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லும் பாளையங்கோட்டையில் இருந்த சார்ஜென்ட்டும் 1877-ல்தான் உதவிப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றிருந்தார்கள். அவர்களுடைய மிஷன்கள் வந்த பணத்தை ஊர் ஊராகப் பகிர்ந்தளித்தன. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கூடவே ஓர் ஏளனப் பெயரும் ஒட்டிக்கொண்டது: அரிசிக் கிறிஸ்தவர்கள். வயிற்றுக்காக வந்தவர்கள், வயிறு நிறைந்ததும் போய்விடுவார்கள் என்று அர்த்தம்.

வாயால் சொல்லும் எந்தப் பதிலும் அந்த ஏளனத்துக்கு எதிரே எடுபட்டிருக்காது. பதில் இருபத்தைந்து வருடம் கழித்து வந்தது. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. ஆட்கள் நம்முடையவர்கள், பணம் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதுதான் அதன் அடிப்படை. வெள்ளைக்காரரின் காசு அதில் கலக்கக் கூடாது. சங்கம் தேர்ந்துகொண்ட இடம் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த டோர்னக்கல். தெலுங்கு பேசும் நாடு. பல நூறு மைல் தொலைவு. உறவும் கிடையாது, கொடுக்கல் வாங்கலும் கிடையாது. பஞ்சத்தில் கையேந்தி நின்ற ஊர்களின் அரிசி, முகம் தெரியாத மனிதர்களைத் தேடி வடக்கே ரயிலேறியது.

அந்த அரிசி எப்படிச் சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அடுப்பில் உலை கொதிக்கிறது. வீட்டுக்காரி அன்றைக்கு எத்தனை பேர் சாப்பாடு என்று கணக்குப் பார்த்து அரிசியை அளந்து சுளகில் கொட்டுகிறாள். களைவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கிற சின்னப் பானையில் போடுகிறாள். பானை கர்த்தருக்கு உரியது. எவ்வளவு முடை வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. வாரம் முடிந்ததும் பானை கோயிலுக்குப் போகும்; அரிசி விற்றுக் காசாகும்.

இதில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது ஒன்று உண்டு. அந்தப் பிடி, மூட்டையில் மிச்சம் கிடந்ததிலிருந்து எடுத்ததல்ல. அன்றைய சோற்றிலிருந்து எடுத்தது. அன்று ராத்திரி யாரோ ஒருவர் தட்டில் சோறு கொஞ்சம் குறையும். பெரும்பாலும் அது அவள் தட்டாகத்தான் இருக்கும். பணம் யார் கையில் இருந்தாலும், உலைக்கு அளக்கிற அரிசி அவள் கையில் இருந்தது. சங்கக் கமிட்டியில் அவளுக்கு அந்தக் காலத்தில் நாற்காலி கிடையாது, அறிக்கைகளில் பெயரும் கிடையாது. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பேராயர்களுக்கும் கோபுரங்களுக்கும் கொடுத்த பக்கங்களில் பாதியையாவது இந்தப் பெண்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழியுமல்ல. பவுல் அப்போஸ்தலன் எருசலேமின் ஏழைகளுக்காகக் கிரேக்க நாட்டுச் சபைகளில் காணிக்கை திரட்டியபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி வீட்டிலேயே எடுத்துவைக்கும்படிதான் கொரிந்தியருக்கு எழுதினார். நான் வந்து நின்ற பிறகு அவசர அவசரமாக வசூல் நடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். வசதியான துறைமுகப் பட்டணமான கொரிந்துக்கு அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது, கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா நாட்டுச் சபைகளை. எங்களையும் கொடுக்க விடுங்கள் என்று அவர்கள் கெஞ்சிக் கேட்டுக் கொடுத்தார்கள் என்கிறார். அதுவும் யாருக்கு? மொழியாலும் வழக்கத்தாலும் அந்நியமான யூத விசுவாசிகளுக்கு. முந்நூறு வருடம் கழித்து, கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதே குணத்தைத்தான் பொருமலோடு குறிப்பிட்டான்: இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் சேர்த்தல்லவா தாங்குகிறார்கள்! நம் ஆள், அவர்கள் ஆள் என்ற கணக்கு அழிந்த இடத்தைத்தான் எதிரியின் கண்ணும் கண்டுகொண்டது.

இந்திய மிஷனெரி சங்கத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். பஞ்சம் வந்தபோது சின்னக் குழந்தை. 1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் கடல் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஊழியரை அனுப்புவதைக் கண்டார். அது அவரைச் சுட்டது. யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய திருச்சபை திருநெல்வேலியில் இருந்தது. 1830-களிலேயே, ரேனியஸ் ஐயர் காலத்தில், ஊரைவிட்டு விரட்டப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கத் தர்ம சங்கம் வைத்து நடத்திய சபை அது. அப்படிப்பட்ட சபை ஏன் இத்தனை காலம் சீமையிலிருந்து வரும் பணத்தையே எதிர்பார்த்திருக்கிறது? ஊருக்குத் திரும்பியவர் கேட்ட கேள்வி அதுதான். ஒரே வருடத்தில் சங்கம் பிறந்தது.

1909-ல் அசரியா குருப்பட்டம் பெற்று, ஒய்.எம்.சி.ஏ.வில் வகித்த பெரிய பொறுப்பை விட்டுவிட்டு, தாமே டோர்னக்கலுக்குக் குடிபோனார். தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலி உழவர்கள். அன்றாடங்காய்ச்சிகளான இவர்களிடம் காணிக்கை கேட்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. கேட்கத்தான் வேண்டும் என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். ஏழை, பாவம், அவன் கொடுக்க வேண்டாம் என்று ஒதுக்குவதில் இரக்கம் போலத் தெரிகிற ஓர் அவமதிப்பு இருக்கிறது. வாங்கத்தான் நீ லாயக்கு என்று அது அவனுக்குச் சொல்லாமல் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊராரிடம் அதையே கேட்டுவந்தவனுக்குத் திருச்சபையும் அதையே சொல்லலாமா? தானியமோ கோழியோ ஒரு நாள் உழைப்போ, அவன் கொண்டுவந்து வைக்கிறபோது அவன் முதுகு நிமிர்கிறது. கிறிஸ்தவக் காணிக்கையைப் பற்றி அசரியா தனியாக ஒரு நூலே எழுதினார். டோர்னக்கல் பேராலயம் பல வருடங்கள் மெள்ள மெள்ள எழும்பி 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டையானது. இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் சாயலை மனதாரச் சேர்த்துக்கொண்ட அந்தக் கோயிலில் ஏழைகளின் காணிக்கையும் கலந்திருக்கிறது.

ஆனால் காணிக்கைப் பையோடு இந்தக் கொடுக்கும் குணத்தின் கதை முடிந்துவிடுவதில்லை. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், பெரும்பாலும் வெள்ளையர்கள் நிறைந்திருந்த சபையில், முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து பேசினார். உங்கள் மிஷனெரிகள் பொருளைக் கொடுத்தார்கள், சரீரத்தைக்கூடக் கொடுத்தார்கள். அதற்கு இந்தியத் திருச்சபை என்றும் நன்றியோடிருக்கும். எங்களுக்கு வேண்டியது உங்கள் சிநேகம் என்ற கருத்தில் முடித்தார். அரங்கில் பலருக்கு முகம் சுருங்கியது. சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடாத வீட்டில், எவ்வளவு பணம் புழங்கினாலும் அங்கே ஒரு கஞ்சத்தனம் உண்டு. அதை அவர்கள் ஊரிலேயே போய்ச் சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது.

வெள்ளையரைப் பார்த்துச் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவரோடு ஒருவர் பந்தி கலக்க மறுத்தபோது அங்கேயும் போராட வேண்டியிருந்தது. தமிழ்த் திருச்சபைக்கு இது தெரியாத சங்கதியா? பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க, யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பதில் சபைகள் உடைந்திருக்கின்றன. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில்களில் இன்றும் பண்டிகைக்குப் போடுகிற அசனத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். பெரிய செம்புகளில் சோறு பொங்கி, எல்லோருக்கும் ஒரே குழம்பு ஊற்றி, பந்தி பந்தியாக உட்கார வைக்கிறார்கள். பக்கத்து ஊர் இந்துக்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதே கோயிலில் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சாதிக்கொரு மூலை இருந்தால், அசனத்தில் போட்ட சோறு பாதிதான் வெந்திருக்கிறது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய சேவல் எல்லாம் கோயில் முற்றத்தில் வந்து இறங்கும். ஒருவர் ஒரு முட்டையைச் சந்தை விலைக்குப் பத்து மடங்கு கொடுத்து எடுத்து, அங்கேயே திருப்பிக் காணிக்கையாக வைத்துவிடுவார். முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும். உடைமைமேல் இருக்கிற பிடியைச் சிரித்துக்கொண்டே தளர்த்தக் கற்றுத்தரும் அருமையான வழக்கம் அது. காலப்போக்கில் அதே முற்றத்தில் இரண்டு பணக்காரக் குடும்பங்களின் மல்லுக்கட்டும் நுழைந்துவிட்டது. ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் முழங்குகின்றன. பேர் பொறித்த பளிங்குப் பலகை இல்லாத சுவரே கோயில்களில் இல்லை என்றாகிவிட்டது. கொத்துச் சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னையிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். அவர்களில் பலரும் தாராளமாகக் கொடுப்பவர்கள்தான். அப்படியிருந்தும் பள்ளிக்கும் நிலத்துக்கும் பதவிக்குமாகச் சபைத் தேர்தல்களிலும் நீதிமன்றங்களிலும் நாம் செலவழிக்கிற காசையும் காலத்தையும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மிசோரத்தில் 1910-ல் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதே போன்ற பிடி அரிசியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மூங்கில் பூத்து, எலி பெருகி, மவுத்தம் என்று அவர்கள் சொல்லும் பஞ்சம் வந்தது. பழக்கம் அழியவில்லை. இன்றும் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். பெண்கள் வாராவாரம் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கிறார்கள். அவர்களின் ஊழியர் பலருக்குச் சம்பளம் அதிலிருந்து போகிறது. வசதி வந்த வீடுகளிலும் அந்தப் பாத்திரத்தை அடுப்படியிலிருந்து எடுத்துவிடவில்லை. நம் வீடுகளில் அந்தப் பானை எப்போது பரணுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.

பானையைத் திரும்ப இறக்கி வைக்கலாம். கேஸ் அடுப்பும் குக்கரும் வந்துவிட்டதால் அரிசி அளப்பது நின்றுவிடவில்லை. பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் வைத்து, அந்தப் பிடியை அவர்கள் கையாலேயே போடச் சொல்லலாம். சேகரக் கமிட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைச் சபையாருக்கு வாசிக்கும்போது, நம் கோயில், நம் மதில், நம் மண்டபம் என்பதற்கெல்லாம் முன்பாக, நம் ஊராரும் நம் சாதியாரும் நம் மொழியாரும் அல்லாதவர்களுக்கு எவ்வளவு போகிறது என்ற வரியை முதலில் வாசியுங்கள். தொகையைச் சொன்னால் போதும். கொடுத்தவர் பெயர் வேண்டாம்.