கேஷ் அழிக்கும் சடங்கு

போன் கொஞ்சம் திணறினால் போதும், பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டிவிடுவார்: "குடுங்க, கேஷ் க்ளியர் பண்ணித் தர்றேன்." சில வீடுகளில் இது வெள்ளிக்கிழமை வாசல் கழுவுவது மாதிரி வாராவாரம் நடக்கிறது. கேஷ் என்றால் குப்பை, அள்ளிக் கொட்டினால் போன் பறக்கும் என்று எண்ணம். சுத்தப் பொய்.

அங்கே கிடப்பவை, சர்வரிலிருந்து ஒருமுறை இறக்கிய படங்களும் பட்டியல்களும். மறுபடி போய் நிற்காமலிருக்க ஆப் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டவை. ராத்திரி அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, காலையில் தாளிக்கக் கடுகு வாங்கக் கடைக்கு ஓடுகிறவரைச் சுத்தக்காரர் என்போமா? அழித்தபின் திறந்தால் ஆப் அதே படங்களை மறுபடி இறக்கும். மெதுவாகத் திறக்கும்; டேட்டாவும் போகும்.

பழசு தங்கிவிடாதா? சர்வரோடு பேசுவதற்கென்று 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 விதிகளிலேயே அதற்கு 'ஈடேக்' என்ற குறி உண்டு. போன் தன்னிடமுள்ள குறியைச் சொல்லி, மாறியிருக்கிறதா என்று கேட்கும். மாறாவிட்டால் சர்வர் 304 என்று பதில் சொல்லும், படத்தை அனுப்பாது. இடம் நிரம்பாதா? 2017-இல் வந்த ஆண்ட்ராய்ட் 8 முதல் ஒவ்வோர் ஆப்பின் கேஷுக்கும் ஓர் அளவு உண்டு. இடத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், அளவு மீறியவற்றிலிருந்து சிஸ்டமே அழிக்கத் தொடங்கும். சிவப்பெழுத்தில் அலறும் க்ளீனர் ஆப்கள் நமக்குக் காட்ட நினைப்பது விளம்பரத்தைத்தான்.

'எனக்கு அழித்ததும் சரியாயிற்றே' என்பவர்கள் உண்டு. எனக்கும் ஆயிற்று. கட்டிய பில்லை ஓர் ஆப் மூன்று நாளாகப் பாக்கி என்றே காட்டியது. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், "கேஷ் க்ளியர் பண்ணிப் பாருங்க சார்" என்றார். அழித்தேன், பாக்கி மறைந்தது. ஆனால் அது என் போனின் அழுக்கா? லோகோவை ஒரு வருடம் வைத்திருக்கலாம். பணக் கணக்கை சர்வரிடம் கேட்காமல் காட்டக் கூடாது. எதை எவ்வளவு நேரம் நம்பலாம் என்று சொல்லத்தான் சர்வரின் பதிலில் 'கேஷ்-கன்ட்ரோல்' என்ற ஒரு வரி இருக்கிறது. அதைச் சரியாக எழுதாதவர்கள் துடைப்பத்தை நம் கையில் கொடுக்கிறார்கள். நாமும் கூட்டிவிட்டு நன்றி சொல்கிறோம்.

நான் சொல்லவில்லை. "இதைப் புகாராப் பதிவு பண்ணுங்கம்மா" என்றேன். இப்போது சரியாகிவிட்டதால் புகார் எண் தர முடியாதாம்.