வினவக் கற்போம், விடையையும் வினவுவோம்

கணினியில் சேமித்த தரவுகளிடம் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு மொழி உண்டு. எஸ்.க்யூ.எல். எனப்படும் அவ்வினவல் மொழியை, நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேனிலை வகுப்பு மாணவர்கள் கணினிப் பாடத்தில் கற்கின்றனர். கட்டளைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும் வழக்கத்திற்கு மாற்றாக, விளையாட்டின் வழியே அம்மொழியைக் கற்பிக்கும் மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன. அவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், விளையாட்டு கற்றுத்தராத ஒன்றை வகுப்பறை கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து.

மொழியின் பிறப்பு

தரவுகளை அட்டவணைகளாக அமைத்துத் தொடர்புபடுத்தும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வட்டவணைகளை வினவுவதற்கான மொழியை அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அறிமுகப்படுத்தினர். நிரல் எழுதப் பயிலாதவரும் வினவ வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். ஆகவே அம்மொழி ஆங்கிலத் தொடரைப் போல அமைந்தது. முதலில் 'செலக்ட்' என்று எடுக்க வேண்டியதைச் சொல்கிறோம். பின்னர் 'ஃபிரம்' என்று அட்டவணையையும், 'வேர்' என்று நிபந்தனையையும் சொல்கிறோம்.

ஆனால், அக்கட்டளைக்குப் பொருள்கொள்ளும் வரிசை வேறு. முதலில் அட்டவணை, அடுத்து நிபந்தனை, அதன் பின்னரே எடுக்க வேண்டியது. "மாணவர் பட்டியலிலிருந்து, பதினோராம் வகுப்பில் பயில்வோரின், பெயர்களை எடு" என்னும் தமிழ்த்தொடரின் வரிசையும் இதுவே. எனவே, எழுதவிருக்கும் கட்டளையை முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பவருக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

விளையாட்டின் ஆற்றல்

ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'எஸ்.க்யூ.எல். ஐலண்ட்' என்னும் விளையாட்டு உருவானது. வானூர்தி விபத்துக்குப் பின் தீவொன்றில் சிக்கியவர், அங்குள்ள ஊர்களையும் மக்களையும் பொருள்களையும் பற்றிய அட்டவணைகளை வினவியே தப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைட் லேப் உருவாக்கிய 'எஸ்.க்யூ.எல். மர்டர் மிஸ்டரி' ஒரு கற்பனைக் கொலை வழக்கைத் தருகிறது. குற்றவாளியின் பெயரைக் கண்டறிந்து அட்டவணையில் இட்டால், சரியா தவறா என்று அதுவே கூறிவிடும்.

இத்தகைய விளையாட்டுகளில் மாணவர் அச்சமின்றித் தவறு செய்யலாம், உடனே திருத்தலாம். அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலே அவரை அடுத்த கட்டளையை எழுதத் தூண்டுகிறது. இதைக் காலவிரயம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

விளையாட்டு சொல்லாதது

எனினும், விளையாட்டில் தவறான கட்டளையை எழுதினால் பெரும்பாலும் கதை நின்றுவிடும். பிழை தானே வெளிப்படும். வாழ்க்கையில் அவ்வாறு இல்லை. தவறான வினாவுக்கும் ஒரு விடை வரும். அது சரியான விடையைப் போலவே தோன்றும்.

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் உள்ளனர் என்று கொள்வோம். 33க்குக் குறைவான மதிப்பெண் பெற்றோருக்குத் தனிப்பயிற்சி அளிக்க ஆசிரியர் பட்டியல் எடுக்கிறார். ஆறு பெயர்கள் வருகின்றன. 33உம் அதற்கு மேலும் பெற்றோரைக் கேட்டால் 31 பெயர்கள் வருகின்றன. கூட்டினால் 37. எஞ்சிய மூவர் எங்கே? அவர்கள் தேர்வுக்கு வராதவர்கள். அவர்களின் மதிப்பெண் கட்டத்தில் 'நல்' என்னும் வெறுமையே உள்ளது. வெறுமையை எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை கிடைக்காது. ஆகவே இரு பட்டியல்களிலும் அவர்கள் இடம்பெறவில்லை. கணினி எந்தப் பிழையையும் அறிவிக்கவுமில்லை. கேட்டதற்கு மட்டுமே அது விடை சொன்னது. உதவி மிகவும் தேவைப்படும் மூவர் பட்டியலிலிருந்து ஓசையின்றி மறைந்துபோயினர்.

உதவித்தொகை, உணவுப்பங்கீடு, மருத்துவம் என எத்துறையிலும் இது நேரலாம். திரையில் தோன்றாத பெயர், கவனத்திலும் தோன்றாது.

செய்ய வேண்டியது

ஆகவே, விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. அதனோடு மூன்று பழக்கங்களைச் சேர்த்தால் போதும். கட்டளையை எழுதுமுன் வினாவைத் தாய்மொழியில் தெளிவாக எழுதுக. எத்தனை பெயர்கள் வரக்கூடும் என்று முன்னதாகவே கணித்திடுக. விடை வந்தபின், "இதில் விடுபட்டவர் யார்?" என்று கேட்டு மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுக. இவற்றுக்குக் கணினியே தேவையில்லை; ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

மாணவர்களே! நாளை உங்களில் சிலர் அலுவலகங்களில் அமர்ந்து பட்டியல்களை உருவாக்குவீர்கள். சரியான விடை என்று பாராட்ட அங்கு விளையாட்டு இராது. வந்த பெயர்களைப் படிப்பது போலவே, வராத பெயர்களையும் தேடுங்கள். வினவல் மொழியை முழுமையாகக் கற்றதற்கு அதுவே அடையாளம்.