சக்கரத்தின் மேல் ஒரு வீடு

அமெரிக்காவில் டெத் வேலி என்றொரு பாலைவனப் பூங்கா உண்டு. 1913 ஆம் ஆண்டு அங்கே வெப்பம் 56.7 டிகிரி செல்சியஸைத் தொட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அத்தகைய இடத்திற்கும் மக்கள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருந்திய வண்டிகளில் சென்று தங்கி வருகின்றனர். வண்டியே வீடு, வீடே வண்டி! அந்த வழக்கம் நம் நாட்டிற்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021 இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

சென்ற விடுமுறையில் நண்பர்கள் நால்வர் பணம் சேர்த்து, அப்படியொரு வண்டியை வாடகைக்கு அமர்த்தித் திருப்பதியிலிருந்து தலகோனாவுக்குப் புறப்பட்டோம். 270 அடி உயர அருவி. 1989 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சேஷாசலக் காடு. பாக்கராப்பேட்டை மலைப்பாதையின் வளைவுகளில் பாத்திரங்கள் உருண்டன. நாங்கள் சிரித்தோம். ஓட்டுநர் சிரிக்கவில்லை, சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

இரவு காட்டோரச் சிற்றூர் ஒன்றில் தங்கினோம். வண்டியில் கட்டில்கள் நான்கு, நாங்களும் நால்வர். கணக்குச் சரியாக இருந்தது. நள்ளிரவில் இறங்கிப் பார்த்தேன். ஓட்டுநர் தரையில் தார்ப்பாயை விரித்துப் படுத்திருந்தார்.

“அண்ணா, உள்ளே வந்து படுங்கள்” என்றேன்.

“பரவாயில்லை தம்பி, பழக்கந்தான்” என்றார்.

நான் திரும்பிச் சென்று என் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். பிழைப்பு நாடி வாணியம்பாடியிலிருந்து சித்தூருக்கு வந்தவர். மாம்பழக் காலம் வந்தால் லாரியின் முன்னறைதான் அவருக்கு வீடு. நாங்கள் புதுமையென்று காசு கொடுத்து இரண்டு நாள் வாங்கிய வாழ்வை அவர் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார், கட்டில் மட்டும் இல்லாமல். அப்படிப்பட்டவரின் மகன் அன்றிரவு செய்ததை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பயணம் கூடாது என்பதன்று என் வாதம். ஊர் சுற்றாத கல்வி அரைக் கல்வியே. ஆனால் நால்வர் உறங்க ஒருவர் விழித்திருப்பது அறமும் அன்று, அறிவும் அன்று. கண்ணயர்ந்த கை பிடிக்கும் சக்கரம் யாரைத்தான் காக்கும்? 2025 முதல் செய்யப்படும் புதிய கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்வசதி கட்டாயம் என்று அரசு விதித்தது. நல்லதே. எனினும் சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

தோழர்களே! நம் மன்றம் அடுத்த சுற்றுலாவுக்கு வண்டி பேசும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஓட்டுநருக்குப் படுக்கை எங்கே என்று கேட்போம். இல்லையெனில் நம்மில் ஒருவர் குறைவாகப் போவோம்.