காற்றோடு வரும் அச்சம்



சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசையின் மீதே கிடக்கிறது. அவருடைய பிள்ளைகள் செல்பேசியில் பேய்ப்படம் பார்த்துவிட்டு, இரவில் கொல்லைப்புறம் போகவும் அஞ்சுகிறார்களாம். இத்தகைய படங்களால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இரத்தமும் அலறலுமாக எடுக்கப்படும் படங்களுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் வேறொரு வகை உண்டு. நாம் அன்றாடம் வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொள்ளும் சின்னஞ்சிறு மனச்சங்கடங்களை எடுத்து, அவற்றிலிருந்தே அச்சத்தை எழுப்பும் படங்கள் அவை.

2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோர்டன் பீல் இயக்கி வெளிவந்த ‘கெட் அவுட்’ அவற்றுள் பெயர் பெற்றது. கறுப்பின இளைஞன் ஒருவன், தன் வெள்ளையினக் காதலியின் பெற்றோர் இல்லத்திற்கு விருந்தாளியாகச் செல்கிறான். அங்கே எவரும் அவனை ஏசவில்லை. முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாம் முறையும் வாக்களித்திருப்பேன் என்கிறார் வீட்டுத் தலைவர். விருந்துக்கு வந்த மாது ஒருத்தி அவனுடைய புயத்தைத் தொட்டுப் பார்த்து வியக்கிறாள். அந்த உபசாரத்தில்தான் நமக்கு உடல் சில்லிடுகிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போய், பெயரைச் சொன்னதும் புன்னகை மாறாமல் “நேற்றே கொடுத்துவிட்டோமே” என்ற பதிலைப் பெற்றுத் திரும்பியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் இன்று நான் சொல்ல வந்தது வேறொரு படத்தைப் பற்றி. தெஹ்ரானில் பிறந்து பின்னர் இங்கிலாந்தில் குடியேறிய பாபக் அன்வாரி 2016ஆம் ஆண்டு தந்த ‘அண்டர் த ஷாடோ’ அது. நிழலின் கீழ் என்று பொருள். பேசுவது முழுக்கப் பாரசீகம். படம் பிடித்தது ஜோர்டான் நாட்டில். பிரிட்டன் தன் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கு அனுப்பியதும் இதைத்தான்.

கதை நடப்பது 1988இல். ஈரான் – ஈராக் போர் எட்டாண்டுகளை எட்டிக்கொண்டிருந்த நேரம். தெஹ்ரான் நகரின் மீது ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தன. ஷிதே என்ற இளந்தாய், நின்றுபோன தன் மருத்துவப் படிப்பைத் தொடர அனுமதி கேட்டுப் பல்கலைக்கழக அதிகாரியின் முன் அமர்ந்திருக்கிறாள். மாணவப் பருவத்தில் அவள் கொண்டிருந்த அரசியலைக் காரணம் காட்டி அவர் மறுத்துவிடுகிறார். படத்தின் முதல் அச்சம் இதுதான். இதில் ஜின்னும் இல்லை, பேயும் இல்லை. ஒரு மேசை, ஒரு கோப்பு, ஒரு மறுப்பு, அவ்வளவே.

மருத்துவரான கணவரை அரசு போர்முனைக்கு அழைத்துக்கொள்கிறது. பிள்ளையை அழைத்துக்கொண்டு தன் பெற்றோர் வீட்டுக்குப் போகச் சொல்கிறார் அவர், இவள் மறுக்கிறாள். அபாயச் சங்கு ஒலித்தால் குடியிருப்பிலுள்ள அனைவரும் நிலவறைக்கு ஓட வேண்டும். சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுத்தாள். ஒருநாள் ஏவுகணை ஒன்று மேல்மாடியில் பாய்ந்து, வெடிக்காமல் செருகி நிற்கிறது. கூரையில் விரிசல். அந்த விரிசலின் வழியே ஏதோ உள்ளே வந்துவிட்டது என்கிறாள் சிறுமி தோர்ஸா. அவளுடைய பொம்மை காணாமற் போகிறது. அண்டை வீட்டார் ஒவ்வொருவராக ஊரைக் காலி செய்கிறார்கள். எஞ்சுவது தாயும் மகளும், அந்தக் காற்றும். ஈரானின் தெற்குக் கடற்கரை மக்களிடையே, காற்றுகள் மனிதரைப் பீடிக்கும் என்ற பழைய நம்பிக்கை உண்டு. ஜின் காற்றோடு வரும் என்று பக்கத்து வீட்டு அம்மையார் சொல்வதையும் படித்த ஷிதே நகைத்து ஒதுக்குகிறாள்.

ஜின் என்ற படைப்பை நம்புகின்றவர்கள் நாம். அப்பெயரிலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் உண்டு. ஆகவே மேல்நாட்டுப் பார்வையாளரைப் போல ஜின்னை வெறும் கற்பனை என்று தள்ளவும் நம்மால் முடியாது; படம் காட்டுவதையெல்லாம் ஏற்கவும் முடியாது. இந்த இடைநிலையில் அமர்ந்துதான் நான் இதைப் பார்த்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படத்தில் அந்த உருவம் பூப்போட்ட ஒரு சாதராக வருகிறது. உள்ளே ஆளில்லாத வெறும் துணி. என் உம்மா தொழுகைக்கு உடுத்திய துணியும் பூப்போட்டதுதான். அதை அச்சத்தின் சின்னமாகக் காட்டியது என்னை உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. ஆனால் அதற்கு முன் வரும் காட்சியையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். நள்ளிரவில் அஞ்சி நடுங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடும் திறந்த தலையோடும் தெருவுக்கு ஓடுகிறாள் ஷிதே. காவலர்கள் அவளைப் பிடித்துப்போய், தலையை மூடவில்லை என்று கண்டிக்கிறார்கள்; கசையடி கிடைத்திருக்கும் என்று எச்சரிக்கிறார்கள். எதைக் கண்டு ஓடி வந்தாய் அம்மா என்று கேட்க அங்கே ஓர் உள்ளம் இல்லை. இயக்குநரின் கோபம் அந்த இடத்தின் மீதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறுவிதமாக எடுத்துக்கொள்வோரோடு வழக்காட மாட்டேன்.

என்னை உறங்கவிடாமல் செய்தது இதுவுமன்று. தோர்ஸா திரும்பத் திரும்ப உண்மையையே சொல்கிறாள். தாய் ஒவ்வொரு முறையும் அதட்டுகிறாள். கொடியவள் அல்லள். படிப்பை இழந்த ஏமாற்றம், கணவர் மீதான கோபம், நல்ல தாயாக இருக்கிறோமா என்ற ஐயம் எல்லாம் சேர்ந்து அவள் காதை அடைத்துவிட்டன.

என் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஓரிரவு என்னை எழுப்பி, “வாப்பா, சுவத்துக்குள்ள யாரோ மூச்சு விடுறாங்க” என்றாள். ஓதிவிட்டுப் படு என்றேன். மறுநாளும் சொன்னாள், அதட்டினேன். மூன்றாம் நாள் அவள் சொல்லவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் படுத்திருந்தவர் என் உம்மா. இரவெல்லாம் மூச்சுக்குத் திணறியிருக்கிறார். நம்மைத் தொல்லை செய்யக் கூடாதென்று வாய் திறக்கவில்லை. மருத்துவரிடம் கொண்டு போனபோது நுரையீரலில் நீர் கோத்து நாளாகியிருந்தது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். மேலும் நான்காண்டுகள் எங்களோடு இருந்தார்.

கடிதம் எழுதிய சகோதரியே! பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டாம், நீங்கள் பாருங்கள். உங்கள் கடிதத்தை மீண்டும் ஒருமுறை படித்தேன். பிள்ளைகள் எந்தப் படத்தைப் பார்த்தார்கள், எந்த நேரத்தில் பார்த்தார்கள் என்றெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். கொல்லைப்புறத்தில் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. அவர்களிடம் கேட்டீர்களா?