குழலும் குறியும்

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் கற்படுக்கைகளில் துயின்ற சமண முனிவர்களுக்கு, எவ்வுயிர்க்கும் தீங்கிழையாமையே விரதம். அதே புதுக்கோட்டைச் சீமையில், நார்த்தாமலை அருகே, 2021 டிசம்பர் 30-ந் தேதி துப்பாக்கிப் பயிற்சியின்போது, குண்டொன்று வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந் தேதி சிறுவன் இறந்தான்.

துப்பாக்கியைத் தாமே செய்து பார்க்க ஆசைப்படுவோர் குழல், குறிமுள், தோட்டா ஆகியவற்றையே ஆராய்கின்றனர். குறிமுள் இலக்கைக் காட்டும். அதற்கு அப்பால் இருப்பவரைக் காட்டாது. குழலின் உட்புறத்துப் புரி குண்டைச் சுழற்றி நேரே செலுத்தும். ரைபிள் குண்டு 2 மைல் வரையிலும் செல்ல வல்லது.

உரிமமின்றித் துப்பாக்கி செய்வதையே 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் விலக்கியிருப்பது நியாயமென்றே நாம் கருதுகிறோம். தவறிய குண்டு எங்கே போய் நிற்கும்? உரிமம் பெற்றவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.