தனிவழியும் பொதுவழியும்

தனிவழி செல்லல் ஆகாது என்பது நம் முன்னோர் அறிவுரை. அதனை மாணாக்கர்க்குப் பன்முறை எடுத்துரைத்த நாமே, ஸ்கொட்லாந்து தேசத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு பகல் முழுவதும் தனியே நடந்து வந்தோம். நண்பர் சிலர் இதனை மடமை என்றனர். அவர்க்கு விடையாகவும் இளைஞர்க்கு எச்சரிக்கையாகவும் இதனை எழுதுகின்றோம்.

நாம் நடந்தது பிளேயர் அதோல் என்னும் ஊரிலிருந்து கிளென் டில்ற் பள்ளத்தாக்கு வழியே பிறேமார் வரை; ஏறக்குறைய 45 கிலோமீற்றர். ஆனி மாதத்தில் அங்கு இரவு பத்து மணிக்கும் முற்றாக இருள்வதில்லை. ஆதலின் ஒரு பகலில் நடந்து முடித்தல் இயலும். தொடக்கத்தில் மரநிழலும் செவ்விய பாதையும் உள. மேலே செல்லச் செல்ல மலைகள் இருமருங்கும் நெருங்குகின்றன; பாதை ஒற்றையடியாகின்றது; மனிதக் குரல் அறவே கேட்பதில்லை.

டார்வ் ஓடை டில்ற் ஆற்றோடு கலக்குமிடத்தே ஒரு தொங்குபாலம் உண்டு. 1879 ஆம் ஆண்டில் அவ்விடத்தருகே பெட்போர்ட் என்னும் இளைஞன் நீரில் மூழ்கி இறந்தான். வயது 18, நம் உயர்தர வகுப்பு மாணாக்கரின் வயது. அவன் நினைவாக 1886 இல் எழுந்ததே அப்பாலம். யாரோ பெற்ற மைந்தனின் இழப்பு நம் கால்களை நனையாமற் காத்தது என்றெண்ணி அதன்மேற் சிறிது நேரம் நின்றோம்.

அப்பாதைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1847 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர் பல்பர் தம் மாணாக்கருடன் அவ்வழியே வந்தார். நிலத்துக்குரிய அதோல் பிரபு அவர்களை மறித்தார். வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. ஈற்றில் பொதுமக்களின் வழியுரிமையே நிலைத்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டமோ, பொறுப்புடன் நடப்போர் அந்நாட்டின் பெரும்பாலான நிலங்களிற் செல்லும் உரிமையை உறுதிப்படுத்தியது. ஓர் ஆசிரியரும் மாணாக்கரும் அன்று பின்வாங்காமை இதற்கொரு தொடக்கமாயிற்று என்பதை ஆசிரியராகிய நாம் பெருமிதத்துடன் நினைக்கின்றோம்.

எனினும் நண்பர் கூற்றை முற்றாகத் தள்ளோம். கால் பிசகின் அங்கே கைகொடுப்பார் இலர். கைத்தொலைபேசியும் பெரும்பாலும் உதவாது. ஆகவே செல்லும் வழியையும் சேரும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் சென்றோம். வரைபடமும் திசைகாட்டியும் கொண்டோம். பாலமற்ற கெல்டி ஓடையை முழந்தாளளவு நீரிற் கடந்தோம். நீர் அதனினும் உயர்ந்திருப்பின், வந்த வழி எத்துணை நெடிதாயினும் திரும்பியிருப்போம். திரும்பத் துணியாதவன் தனிவழி செல்லத் தகுதியற்றவன் என்பதே நம் துணிபு.

இளைஞர்காள், தனியே நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆயின் காலடியிலுள்ள பாதை பிறர் போராடிக் காத்தது, கடக்கும் பாலம் பிறர் கண்ணீரில் எழுந்தது என்பதை மறவாதீர். அவ்வுணர்வு உடையானுக்கு முன்னே சென்றோர் யாவரும் வழித்துணை ஆவர்.